வரைபடத்தில் இல்லாத மாவட்டத்தில் பிறந்தவருக்குச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்?

கேள்வி: நான் ஜெர்மனியின் கொலோன் நகரில் வசிக்கிறேன். மனைவி ஜெர்மானியர். என் மாமியார் 1951-இல் ஷ்மிட் என்ற கிராமத்தில், வீட்டிலேயே பிறந்தவர். வாரிசுரிமை விஷயமாக அவருக்குப் புதிய பிறப்புச் சான்றிதழ் தேவைப்படுகிறது. கையில் உள்ள பழைய தாளில் 'ஷ்மிட், லாண்ட்கிரைஸ் மோன்ஷாவ்' என்று இருக்கிறது. அப்படி ஒரு மாவட்டம் இப்போது எந்த வரைபடத்திலும் இல்லை. அவருடைய தாத்தா பிறந்தது 1889-இல். அவர் தாளில் 'கால்டர்ஹெர்பெர்க், கிரைஸ் மோன்ஷ்வா' என்கிறது. இரண்டும் ஒன்றுதானா? நான் யாருக்கு எழுத வேண்டும்?

பதில்: மாமியாரின் சான்றிதழுக்கு நிடெக்கன் நகராட்சியின் குடிமைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மோன்ஷாவுக்கு எழுதினால் ஒரு மாதம் வீணாகும். தாத்தாவின் பதிவுக்குத்தான் மோன்ஷாவ் சரியான இடம். நீங்கள் கேட்ட இருவரும் ஒரே மாவட்டத்தில் பிறந்தவர்கள். ஆனால் அந்த மாவட்டம் கலைந்தபோது அவர்களுடைய ஊர்கள் வேறு வேறு திசையில் போய்விட்டன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'கிரைஸ்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு வட்டம் என்றே பொருள். நாம் தாலுகாவை வட்டம் என்பது போலத்தான். ஜெர்மனியில் பிறப்பைப் பதிவு செய்வது கிரைஸ் அல்ல. ஊராட்சி அல்லது நகராட்சி அளவில் இருக்கும் 'ஸ்டாண்டஸ்ஆம்ட்' என்ற அலுவலகம்தான் அதைச் செய்கிறது. ஆகவே மாவட்டம் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். ஊர் இன்று எந்த நகராட்சியில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தால் போதும். நீங்கள் தேட வேண்டியது ஷ்மிட்டை, மோன்ஷாவை அல்ல.

இனி அந்த மாவட்டத்தின் கதை. பெல்ஜிய எல்லையை ஒட்டிய ஐஃபெல் மலைப்பகுதி அது. பிரெஞ்சு ஆட்சியில் ஆகனைத் தலைநகராகக் கொண்ட ரோயர் என்ற பிரிவில் இருந்தது. நெப்போலியன் வீழ்ந்ததும் பிரஷ்யாவின் கைக்கு வந்து, 1816-இல் 'கிரைஸ் மோன்ஷ்வா' ஆனது. மோன்ஷ்வா என்பது பிரெஞ்சு எழுத்துக்கூட்டு. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918-இல், எதிரியின் மொழியில் ஊர்ப்பெயர் இருக்கலாமா என்று கைசர் அரசு அதை 'மோன்ஷாவ்' என்று ஜெர்மன்மயமாக்கியது. ஊரோடு மாவட்டமும் பெயர் மாறியது. தாத்தாவின் தாளில் ஒரு பெயரும் மாமியாரின் தாளில் இன்னொன்றும் இருப்பதன் காரணம் இவ்வளவுதான். 'லாண்ட்' என்ற முன்னொட்டும் குழப்பம் தரலாம். 1939-இல் கிரைஸ்களை எல்லாம் லாண்ட்கிரைஸ் என்று அழைக்கத் தொடங்கினார்கள். வடரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் 1969-இல் மறுபடி பழைய கிரைஸுக்கே திரும்பியது. எனவே 1951-இன் தாளில் லாண்ட்கிரைஸ் என்று இருப்பது பிழை அல்ல.

1920-இல் எல்லையும் ஆடியது. வெர்சாய் உடன்படிக்கைப்படி ஃபென்பான் என்ற ரயில் பாதை பெல்ஜியத்துக்குப் போனது. ஊர்கள் ஜெர்மனியில், அவற்றினூடே செல்லும் தண்டவாளம் மட்டும் பெல்ஜியத்தில்! அதனால் மோன்ஷாவைச் சுற்றியுள்ள ஜெர்மன் நிலம் சில இடங்களில் தாய்நாட்டிலிருந்து துண்டாகி நிற்கிறது. ம்யூட்ஸெனிஷ் கிராமம் அப்படிப்பட்ட ஒன்று. ரயில் நின்று சைக்கிள் பாதையாகிவிட்டது, பாதை மட்டும் இன்றும் பெல்ஜிய மண்தான். சைக்கிளில் போகிறவர்கள் அறியாமலே நாடு மாறி மாறிப் போகிறார்கள். உங்கள் வேலைக்கு இது தேவையில்லை. சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தேவையானது 1972. மேற்கு ஜெர்மனியில் அன்று நானூறுக்கு மேல் கிராமப்புற மாவட்டங்கள் இருந்தன. பல மிகச் சிறியவை. கழிவுநீர், பள்ளி, சாலை போன்றவற்றைத் தனியே நடத்த அவற்றுக்கு வசதி போதவில்லை. 1960-களின் பின்பாதியிலிருந்து பத்தாண்டுகளில் மாநிலங்கள் அவற்றை இணைத்து இருநூற்றுச் சொச்சமாகக் குறைத்தன. மோன்ஷாவுக்கு வந்தது 'ஆகன் சட்டம்'. 1971 டிசம்பரில் நிறைவேறி, 1972 ஜனவரி 1-இல் அமலானது. மாவட்டத்தின் பெரும்பகுதி ஆகன் கிரைஸோடு சேர்ந்தது. கால்டர்ஹெர்பெர்க், ஹோஃபன், இம்கன்பிராய்ஷ், கோன்ஸன் முதலிய கிராமங்கள் மோன்ஷாவ் நகரத்தில் அடங்கின. ஸிம்மராட், ரோட்கன் என்று இரண்டு பெரிய ஊராட்சிகளும் உருவாயின. த்ஸ்வைஃபால் மட்டும் ஷ்டோல்பெர்க் நகரத்துக்குப் போனது.

உங்கள் கிராமம் இங்கேதான் நழுவியது. ஷ்மிட் ஆகனுக்குப் போகவில்லை. அது நிடெக்கனோடும், பக்கத்திலுள்ள ஃபோஸனாக் ஹ்யூர்ட்கன்வால்ட் ஊராட்சியோடும் இணைந்து, இரண்டும் ட்யூரன் கிரைஸுக்குள் வந்தன. பழைய மாவட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் தடுமாறுவது இந்த மாதிரி விளிம்பு ஊர்களில்தான்.

ஆகன் கிரைஸும் பிழைக்கவில்லை. 2009 அக்டோபர் 21-இல் ஆகன் நகரோடு சேர்ந்து 'ஸ்டேட்டரெகியோன் ஆகன்' என்ற அமைப்பாகிவிட்டது. சாலையில் மோன்ஷாவ் மாவட்டத்தின் பழைய குறியான 'எம்ஓஎன்' என்று தொடங்கும் வண்டி எண்ணைப் பார்த்து மாவட்டம் திரும்பி வந்ததாக நினைக்க வேண்டாம். பழைய எழுத்துகளை மறுபடி வழங்க அனுமதித்தபின், ஊர்ப்பாசத்தில் வாங்கியவை அவை.

இனி விண்ணப்பம். யார் கேட்கிறார்கள் என்பதில் ஜெர்மன் சட்டம் கறார். சம்பந்தப்பட்டவர், அவர் கணவர் அல்லது மனைவி, நேர் முன்னோர், நேர் வழித்தோன்றல்கள் ஆகியோருக்குத்தான் பொதுவாக உரிமை. மருமகனான உங்களுக்கு இல்லை. மாமியாரோ மனைவியோ கையெழுத்திடட்டும். அல்லது மாமியாரின் அதிகாரமளிப்புக் கடிதமும் அவர் அடையாள அட்டை நகலும் இருந்தால் நீங்களே அனுப்பலாம். பழைய தாளின் மூலையில் ஓர் எண்ணும் ஆண்டும் சாய்கோட்டோடு இருக்கிறதா பாருங்கள். அது பதிவு எண். அதை எழுதினால் தேடும் வேலை சட்டென்று முடியும்.

நிடெக்கனில் புத்தகம் சேதமாகியிருந்தால் அடுத்த வழி ஒன்று உண்டு. இங்கேதான் கிரைஸுக்கு ஒரு வேலை வருகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டாம் புத்தகம் எழுதி, 1938 முதல் அதை மாவட்ட மேற்பார்வை அலுவலகத்துக்கு அனுப்புவது வழக்கமாக இருந்தது. ட்யூரன் கிரைஸைக் கேளுங்கள். 1951-இல் பிறந்தவருக்கு இந்தத் தேவை வராது என்றே நினைக்கிறேன். அதே கிராமத்தில் 1930-களில் பிறந்தவர் என்றால் இவ்வளவு நிம்மதியாகச் சொல்லமாட்டேன்; 1944 இலையுதிர்காலத்தில் ஹ்யூர்ட்கன் காட்டுப் போர் ஷ்மிட்டையும் ஃபோஸனாக்கையும் தரைமட்டமாக்கியது.

தாத்தா விஷயம் எளிது. பிறப்புப் பதிவுகள் 110 ஆண்டுகளும், திருமணப் பதிவுகள் 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவுகள் 30 ஆண்டுகளும் ஆனபின் காப்பகத்துக்குப் போகின்றன. அதன்பின் யாரும் பார்க்கலாம். உறவைக் காட்ட வேண்டியதில்லை. 1889-இன் பதிவை மோன்ஷாவ் நகரக் காப்பகத்தில் கேளுங்கள். இரட்டைப் பிரதிகளைத் தேட டூயிஸ்பர்க்கில் உள்ள மாநிலக் காப்பகம் இருக்கிறது; முன்பு ப்ரூலில் இருந்த தொகுப்பு அங்கே மாறிவிட்டது. அந்த ரைன் இடதுகரையில் குடிமைப் பதிவு 1798-இலேயே தொடங்கிவிட்டதால் இன்னும் பின்னோக்கிப் போகவும் வழி உண்டு. அப்போது 1805 முடியும்வரை தேதிகள் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியில் இருக்கும். மாற்று அட்டவணை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படிவத்தில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'மோன்ஷாவ்' என்று எழுதிவிடாதீர்கள். 'ஷ்மிட், இப்போது நிடெக்கன்' என்றே எழுதுங்கள்.