வெள்ளைக் காக்கட்டூ வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பத்து வயதில் மகள் இருக்கிறாள். பறவை விற்பவர் ஒருவர் நாற்பது நாள் ஆன வெள்ளைக் காக்கட்டூக் (கொண்டையுள்ள பெரிய கிளி வகை) குஞ்சு ஒன்றை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். "கையால் ஊட்டி வளர்த்தால்தான் ஒட்டிக்கொள்ளும், வெளிநாட்டுப் பறவைக்குக் காகிதம் எதுவும் தேவையில்லை" என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன இரண்டுமே தவறு.

வெள்ளைக் காக்கட்டூ இந்தோனேசியாவின் வட மலுக்குத் தீவுகளைச் சேர்ந்தது. அதன் வணிகம் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கைக்கு உட்பட்டது. அந்த உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிரினங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2024இல் வந்த விதிகளின்படி, இத்தகைய பறவையை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். விற்பவரின் பெயரில் பதிவு இருந்தால்தான் அதை உங்கள் பெயருக்கு முறையாக மாற்ற முடியும். ஆகவே முதலில் அவருடைய பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கால் வளைய எண், குஞ்சு பிறந்த தேதி, விலை ஆகியவை குறிக்கப்பட்ட ரசீதையும் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நாற்பது நாள் குஞ்சு தானாக இரை எடுக்காது. அதற்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஊட்டும் கூழ் சற்றுச் சூடாக இருந்தால் தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காமல் புளிக்கும், அவசரமாகப் புகட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கிக் குஞ்சு இறந்துவிடும். பழகாத கைகளில் அதை ஒப்படைப்பது அந்த உயிருக்குச் செய்யும் கொடுமை என்றே நான் கருதுகிறேன். தானாகத் தின்று, பறந்து பழகிய குஞ்சும் அன்பாகப் பழகினால் மனிதரோடு ஒட்டிக்கொள்ளும்.

இவை அனைத்தும் சரியாக அமைந்தாலும், உங்கள் வீட்டுக்கு இந்தப் பறவை பொருந்தாது என்பதே என் கருத்து. நல்ல பராமரிப்பில் காக்கட்டூ நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியது. சிகாகோவின் புரூக்ஃபீல்டு விலங்குக் காட்சிசாலையில் இருந்த 'குக்கி' என்ற காக்கட்டூ 2016இல் இறந்தபோது அதற்கு வயது 83. உங்கள் மகளின் திருமணத்துக்குப் பிறகும் இந்தப் பறவையை யார் பார்த்துக்கொள்வது என்பதை இப்போதே பேசிவிட வேண்டும். பகல் முழுவதும் தனியே விடப்படும் காக்கட்டூ அலறும். அந்த அலறல் இரண்டு மாடி தாண்டிக் கேட்கும். அதன் இறகுகளிலிருந்து மாவு போன்ற வெண்துகள் ஓயாமல் உதிரும். நான் சென்ற ஒரு வீட்டில் காலையில் துடைத்த தொலைக்காட்சித் திரையில் மாலையில் விரலால் பெயர் எழுத முடிந்தது. தேக்கு நாற்காலியின் கைப்பிடி பாதி மரத்தூளாகியிருந்தது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

அதையும் மீறி வாங்குவதானால், பறவை இறக்கையை முழுவதும் விரிக்க இடமுள்ள கூண்டு வேண்டும். அது துத்தநாகப் பூச்சுக் கம்பியாக இல்லாமல் எவர்சில்வராக இருக்கட்டும். பூச்சைக் கொறித்தால் துத்தநாகம் உடலில் சேர்ந்து நஞ்சாகும். சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டி வளர்த்தால் கொழுப்பு ஏறி, வைட்டமின் ஏ குறைந்து நோய்ப்படும். பெல்லட் தீவனத்தோடு முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த பயறு கொடுங்கள். வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), சாக்லேட், வெங்காயம், காப்பி ஆகாது. அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் தவாவின் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும் என்பதால் அடுக்களைக்கு அருகில் கூண்டை வைக்காதீர்கள். கொசுவத்திப் புகையும் வேண்டாம்.

வாங்குவதற்கு எளிதானது வேண்டுமென்றால் காக்கட்டீல் பாருங்கள். காக்கட்டூக் குடும்பத்திலேயே சிறியது. சைட்டிஸ் பட்டியலில் இல்லாததால் இந்தப் பதிவும் அதற்குத் தேவையில்லை.

கேள்வி: ஆறு மாதம் முன்பு வாங்கிய என் காக்கட்டூவுக்கு மார்பில் இறகே இல்லை. விற்றவர் பொறுப்பேற்க மறுக்கிறார்; ரசீதும் தரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: முதலில் தலையைப் பாருங்கள். தன் அலகு தன் தலைக்கு எட்டாது என்பதால், தானே பிடுங்கும் பறவைக்குக் கொண்டை முழுதாக இருக்கும். தனிமையும் சலிப்பும் அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். தலையிலும் இறகு உதிர்ந்தால் அலகு-இறகு நோய் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதை ஆய்வகப் பரிசோதனையில் உறுதி செய்ய வேண்டும். விற்கும்போதே நோய் இருந்தது என்று கால்நடை மருத்துவர் எழுத்தில் தந்தால் உங்கள் வழக்குக்கு வலு உண்டு. ரசீது இல்லாவிட்டாலும் வங்கிப் பரிமாற்றப் பதிவும், விற்றவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் சான்றாகும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பறவை இன்னும் பதிவாகவில்லை என்றால், வழக்குக்கு முன்னரே வனத்துறை அலுவலகத்துக்குச் சென்று அதை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.