பாப்பரசர் இரகசியம் என்றால் என்ன? அது நீங்கியதால் என்ன மாறியது?

கத்தோலிக்கத் திருச்சபை சில கோப்புகளை மிகக் கடுமையாகப் பூட்டி வைப்பதற்குப் பெயர்தான் பாப்பரசர் இரகசியம். குருவானவர் மீதான பாலியல் துஷ்பிரயோக வழக்குகளும் அந்தப் பூட்டுக்குள்தான் இருந்தன. சாட்சிகளையும் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரையும் காப்பது நோக்கம். நடந்தது வேறு: பாதிக்கப்பட்டவருக்கே முடிவு தெரியாமல் போனது, பொலிஸ் கேட்டாலும் கோப்புகள் கிடைக்கவில்லை.

கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் வெங்காயம் நிறுக்கும் தராசைப் பாருங்கள். கடை முதலாளி எவ்வளவு நல்லவரென்றாலும், அவரே சரிபார்த்தால் போதாது என்றுதான் அரசாங்க முத்திரை குத்துகிறார்கள். சுவாமி, அதாவது குருவானவர் மீதான முறைப்பாட்டைச் சுவாமிமாரே விசாரித்து முடிப்பதும் முத்திரையில்லாத் தராசுதான்.

2019 டிசம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் இந்த வழக்குகளுக்கு மட்டும் அந்தப் பூட்டை எடுத்தார். முறைப்பாடு செய்பவரை ‘வெளியே சொல்லாதே’ என்று கட்டுப்படுத்தவும் இனி முடியாது. கொழும்பில் பங்குத்தந்தையின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளை சம்பந்தப்பட்டதென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நேரே அழைக்கலாம்.

அப்புறம், பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் தனியே பாவங்களை அறிக்கையிடும்போது, சொன்னதும் வெளியே வந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அது வேறு இரகசியம், 2019 மாற்றம் அதைத் தொடவேயில்லை.