அந்தப் பதினொன்றரை மணி

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். நாள் முழுக்க செல்போன்தான். ஏதாவது தொண்டு நிறுவனத்தில் சேர், மேல்படிப்புக்குச் சான்றிதழும் உதவும் என்று தலைபாடாய் அடித்துக்கொள்கிறேன், அசையவில்லை. போன மாதம் மட்டும், காட்பாடி ஸ்டேஷனில் வங்காளக் குடும்பம் ஒன்றுக்கு லாட்ஜ் பிடித்துக் கொடுத்தேன் என்று ராத்திரி பதினொன்றரைக்கு வந்தான். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நீ ஏன் அலைகிறாய் என்று திட்டினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மையை எப்படி வளர்ப்பது?
- ஒரு தாய், சத்துவாச்சாரி

பதில்: அம்மா, இந்தப் புலம்பலோடு எனக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றிலும் செல்போன் இருக்கும். உங்கள் கடிதத்தில்தான் அந்தப் பதினொன்றரை மணி இருக்கிறது. நீங்கள் அதைச் சட்டென்று தாண்டிப் போய்விட்டீர்கள். நான் விடப்போவதில்லை.

காட்பாடியில் ராத்திரி வண்டியில் வந்து இறங்குகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறை, தோளில் பை, நோயாளியை உட்கார வைக்க இடம் தேடும் கண். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சி.எம்.சி. என்ற மூன்றெழுத்து ஆஸ்பத்திரிதான் அவர்களுக்குத் தெரிந்த வேலூர். ஆட்டோவுக்கு எவ்வளவு, எந்த லாட்ஜில் சமைத்துக்கொள்ள விடுவார்கள், காலையில் எங்கே போய் நிற்பது? இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அன்று அந்த ஆள் உங்கள் மகன். பசியோடு வந்திருப்பான். சோறு போட்டு, "யாருக்குடா உடம்பு சரியில்லை?" என்று கேட்டீர்களா?

நேரமாகிவிட்டதே என்று பயந்தீர்கள் என்றால் சரி. பயந்த தாய், "ஒரு போன் பண்ணக்கூடாதா?" என்பாள். நீங்கள் கேட்டது அதுவா? முளைத்ததைக் கிள்ளிவிட்டு, வளர்ப்பது எப்படி என்று எனக்கு எழுதுகிறீர்கள். சேவை வேண்டாம், சான்றிதழ் வேண்டும். கோபப்படாதீர்கள், நீங்களே எழுதியதுதான்.

1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அந்த சி.எம்.சி. இன்று லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை, ஆட்டோ என்று இந்த ஊரில் பாதிப் பேருக்கு அடுப்பு எரிவது ஊர் பேர் தெரியாதவர்களால்தான். உங்கள் வீட்டுக்காரர் என்ன தொழில் என்று எழுதவில்லை. எதுவானாலும் அந்த வருமானத்தில் அவர்கள் காசும் கொஞ்சம் இருக்கும். குடும்பக் கடமை வாசற்படியோடு முடிகிறது என்று நினைக்கிற வீடுகள் எனக்குப் பிடிப்பதில்லை.

அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்று இன்றைக்கே அவனிடம் கேளுங்கள். தெரிந்து வைத்திருப்பான். அப்புறம், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ரத்தம் கொடுக்க இங்கே சொந்தம் ஏது? 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஆரோக்கியமாக இருந்தால் ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். பிள்ளை இளைத்துவிடுவான் என்று அதற்கும் குறுக்கே நிற்காதீர்கள். கூடவே நீங்களும் போங்கள். பெண்களுக்கு 4 மாத இடைவெளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்கள் இன்னும் ஊரில் இருந்தால் ஒரு தூக்கில் ரசம் சாதம் கொடுத்தனுப்புங்கள். காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் காரம் அவர்களுக்குத் தாங்காது.