தோட்டத்துக் கோயில் சுவர் ஏன் உதிர்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பத்து காஜா வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபம் பழைய செங்கல் கட்டடம். இரண்டு முறை சிமெண்டு பூசியும் இடுப்பளவு உயரத்துக்குப் பொருக்குவிட்டு உதிர்கிறது. இன்னும் கெட்டியாகப் பூசலாமா?

பதில்: வேண்டாம், கெட்டியாகப் பூசியதுதான் கோளாறு. அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்துவிடும். சிமெண்டு அந்த வழியை அடைக்கிறது. தேங்கிய ஈரம் மேலே ஏறுகிறது. அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பிய்த்துத் தள்ளுகிறது.

சுவரைத் தொடுமுன் வெளியே போய்ப் பாருங்கள். வருடக்கணக்கில் மண் கொட்டிக் கொட்டி, வெளித்தரை மண்டபத் தரையைவிட உயர்ந்திருக்கும். அதை உள்தரைக்கு 6 அங்குலம் கீழே இறக்கி, கூரைத் தண்ணீர் சுவரடியில் நிற்காதபடி வாய்க்கால் வெட்டுங்கள். இதைச் செய்யாமல் பூசும் எந்தப் பூச்சும் வீண்செலவு.

பிறகு சிமெண்டை உளியும் சுத்தியலும் கொண்டு கையால் கொத்தி எடுக்கவேண்டும். மின்சார இயந்திரம் வைத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். 9 அங்குலச் சுவர் உலரச் சில மாதங்கள் பிடிக்கும். திருவிழாத் தேதியை வைத்துக்கொண்டு அவசரப்படுத்தாதீர்கள்.

சுண்ணாம்பு வாங்கும்போது கவனம். தோட்டத்து ஸ்டோரில் செம்பனைக்குப் போட வைத்திருக்கும் சுண்ணாம்புத் தூள் வெறும் அரைத்த கல், அது இறுகாது. சுட்ட சுண்ணாம்பு, மலாய் மொழியில் ‘காப்போர் தோஹோர்’, என்று கேட்டு வாங்குங்கள். தொட்டியில் தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகவேண்டாம். சலித்த விழுதின் மேல் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 3 மாதம் ஊறவையுங்கள்.

விழுது 1 பங்கு, அலசிய ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் கூடாது. சுவரை நனைத்து, ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசுங்கள். அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். ஈரக் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு வெயிலையும் பிற்பகல் மழையையும் மறையுங்கள். சீக்கிரம் காய்ந்தால் மாவாக உதிரும். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளைதான், தண்ணீராகக் கரைத்து நாலைந்து முறை. பிளாஸ்டிக் பெயிண்டு அடித்தால் பட்ட பாடெல்லாம் போச்சு.

கேள்வி: பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டின் மரத்தூண்கள் அடியில் கரையான் அரித்துவிட்டன. எல்லாவற்றையும் காங்கிரீட்டாக மாற்றச் சொல்கிறார் கட்டடக் குத்தகையாளர்.

பதில்: எல்லாவற்றையும் ஏன்? ஸ்க்ரூடிரைவரால் அடியிலிருந்து மேலாகக் குத்திப் பாருங்கள். முனை எங்கே இறங்க மறுக்கிறதோ அங்கிருந்து மேலே மரம் உறுதிதான். ஜாக் வைத்து, ஒரு தடவைக்கு 2, 3 மில்லிமீட்டர் மட்டும் தூக்கிப் பாரத்தை இறக்குங்கள். ஒரேயடியாகத் தூக்கினால் பலகைச் சுவர் பிளக்கும். அரித்த பகுதியை அறுத்துவிட்டு, இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய செங்கால் என்னும் கடின மரத்தைப் பாதிக்குப் பாதி வெட்டி இணைக்கச் சொல்லுங்கள். புதிய மரம் சுருங்கி இணைப்பைத் தளர்த்தும். 6 அங்குலத் தூணுக்கு இணைப்பு 18 அங்குல நீளம் இருக்கட்டும். துத்தநாகம் பூசிய 12 மில்லிமீட்டர் போல்ட்டுகள் போதும். தூணுக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே, விளிம்பு கீழ்நோக்கி மடித்த தகரத் தொப்பி வையுங்கள். அது கரையானை நிறுத்தாது. ஆனால் சுற்றி மண்குழாய் கட்டவைத்துக் காட்டிக்கொடுக்கும். வீட்டைச் சுற்றிப் புதைந்து கிடக்கும் ரப்பர் அடிக்கட்டைகளையும் தோண்டி எடுங்கள்.

கேள்வி: பத்து காஜா அருகிலுள்ள கெல்லி கோட்டையைக் கட்டியவர் யார்?

பதில்: கட்டுவித்தவர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்து, 20 வயதில் மலாயா வந்து, ரப்பர் தோட்டம் போட்டவர். 1926இல் லிஸ்பனில் இறந்ததும் வேலை நின்றுபோனது. கட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தொழிலாளர்கள். கொள்ளைநோயில் பலர் மாண்டதும் அவர்கள் கேட்டு எழுப்பிய மாரியம்மன் கோயிலின் கூரையில் ஸ்மித்தின் உருவமும் நிற்கிறது. தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை 1885இல் கட்டிய லியோங் சூன் சோங்கின் பெயர் நிலைத்திருக்கிறது. நம் கொத்தனார்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. நமக்கு இது பெரிய இழப்பு.

கேள்வி: எங்கள் லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடிக்கப்போகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி ஒரு கட்டடத்தைத் தேசிய மரபாக அறிவிக்க யாரும் பரிந்துரைக்கலாம். கிடைப்பது நிச்சயமில்லை என்பதால், லயங்களை அளந்து வரைந்து படமெடுத்து வைக்கும் பதிவு வேலையை இன்றே தொடங்குங்கள். அளவுகளை ஒரே மூலையிலிருந்து தொடர்ச்சியாக எடுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழை சேரும். ஒவ்வொரு அறையிலும் மூலைவிட்டத்தை அளந்தால்தான் கோணல் தெரியும். 1:50 அளவில் வரையுங்கள். அளவுகோலைச் சுவரில் சாத்திப் படமெடுங்கள். செங்கல்லில் பதிந்த முத்திரையை விடாதீர்கள். பெரியவர்களை உட்காரவைத்து, கோயிலைப் பூசியவர் யார், ஆசாரி யார் என்று கேட்டு, அந்தப் பெயர்களை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள்.