29 வயதில் மார்பில் கட்டி, வலியில்லை. பால் கட்டியா, புற்றுநோயா?

கேள்வி: தங்கச்சிக்கு 29 வயது, ஹட்டன் பக்கம் கொழுந்து எடுக்கிறாள். பிள்ளைக்கு 8 மாதம். மூன்று கிழமையாக இடது மார்பில் ஒரு கட்டி, வலியில்லை. பால் கட்டியிருக்கும், கூடை சுமந்த வீக்கம் என்கிறார்கள். இந்த வயதில் புற்றுநோய் வருமா?

வரும். 40க்குக் கீழே குறைவுதான். 29 வயதில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் "மூன்று கிழமை", "வலியில்லை" இரண்டும்தான் என்னை உறுத்துகின்றன. பால் கட்டினால் வலிக்கும், பிள்ளை நன்றாகக் குடித்தால் இரண்டொரு நாளில் இளகிவிடும். காய்ச்சலோடு சிவந்து வீங்கினால் அன்டிபயோட்டிக் எடுத்து 10, 14 நாளில் ஆற வேண்டும். இரண்டு கிழமை தாண்டியும் நிற்கிற கட்டிக்கு ஸ்கேன் கட்டாயம். கூடைக் கயிற்றால் கழுத்தும் தோளும் நோகும், மார்புக்குள் கட்டி வராது.

இளம் பெண்களுக்கு அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா என்ற, புற்றுநோய் இல்லாத கட்டி. விரலுக்கு அடியில் கோலிக்குண்டு போல நழுவும். புற்றுக்கட்டி பெரும்பாலும் கடினமாக, ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரே இடத்தில் பிடித்து நிற்கும். என்றாலும் கைத்தடவலை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இளவயதுப் புற்றுக்கட்டியும் சில நேரம் வழுவழுப்பாகவே தட்டுப்படும்.

இந்த வயதில் வரும் புற்றுநோய் வேகமாக வளரும் ரகமாக இருக்க வாய்ப்புக் கூட. ஹோர்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத 'டிரிப்பிள் நெகடிவ்' ரகமும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இளம் மார்பின் திசு அடர்த்தியானது, மெமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் அது வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான், அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சந்தேகமிருந்தால் இடத்தை விறைக்க வைத்து, ஊசியால் சிறு துண்டு எடுத்து பயொப்சி. இவை இரண்டுக்கும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. ஸ்கேனுக்குச் சற்று முன் பிள்ளைக்குக் கொடுத்து மார்பை இளக்கிக்கொண்டு போனால் படம் தெளிவாக வரும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை மட்டும் கிடைத்தால், அரசாங்க ஆஸ்பத்திரி சர்ஜிக்கல் கிளினிக்குக் கடிதம் கேளுங்கள். பெண்களைப் பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக்கிலும் மார்பைப் பார்ப்பார்கள். அது 35 வயதானவர்களுக்குத்தானே, தங்கச்சிக்கு இன்னும் ஆகவில்லையே என்று தயங்க வேண்டாம், மிட்வைஃபிடம் சொல்லுங்கள். ஒரு நாள் பேர் (சம்பளம்) போகிறதே என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடத்தான் மனம் சொல்லும். தயவுசெய்து தள்ளாதீர்கள். கட்டியை முதலில் கண்ட திகதி, அப்போது பட்டாணி அளவா பாக்கு அளவா என்று ஒரு துண்டில் எழுதிக் கையோடு கொடுத்தனுப்புங்கள். அம்மா வழியில் மட்டுமல்ல, அப்பா வழியிலும் யாருக்காவது மார்பகமோ சூலகமோ புற்றுநோய் வந்ததா என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். இந்தப் புற்றுநோய்களுக்கு வழிவிடும் மரபணுக் குறை இரு வழியாலும் இறங்கும்.

புற்றுநோய் என்றே வந்தால், கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலும் இலவச சிகிச்சை இருக்கிறது. இன்னொரு பிள்ளை வேண்டுமென்ற எண்ணம் இருந்தால், கீமோ தொடங்கும் முன்பே டொக்டரிடம் சொல்ல வேண்டும். கீமோ சூலகத்தைப் பாதிக்கலாம், தொடங்கிய பின் பிள்ளை பெறும் வாய்ப்பைக் காக்க வழி குறைவு.