ரெப்போ வட்டிப் பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கோர்ட்டில் கேட்க முடியுமா?

கேள்வி: 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதத்தை, கால் சதவீதம் குறைக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். நான் அதற்கு மேல் குறைப்பார்கள் என்று கணித்தேன். ஒன்று நடக்குமா நடக்காதா என்று ‘ஆம்’, ‘இல்லை’ டிக்கெட் வாங்கிப் பணம் கட்டும் கருத்து வர்த்தக ஆப் ஒன்றில் ரூ.60,000 போட்டு, அதில் ரூ.36,000-க்கு ‘ஆம்’ டிக்கெட்டுகளை ரூ.2 வீதம் வாங்கினேன். அரை சதவீதம் குறைத்தார்கள். டிக்கெட்டுக்கு ரூ.10 வீதம் ரூ.1,80,000 வாலட்டில் ஏறியது. எடுக்கப் போனால் ‘இருப்பிட விவரம் முரண்படுகிறது’ என்று நிறுத்திவிட்டார்கள். நான் இருப்பது தமிழ்நாட்டில். ஆப்பில் கொடுத்திருந்தது பழைய பெங்களூரு முகவரி. தொடாமல் வைத்திருந்த ரூ.24,000-மும் அதிலேயே மாட்டிக்கொண்டது. ஆறு மாதம் பணவீக்க விவரங்களைப் படித்துப் போட்ட பணம் எப்படிச் சூதாட்டம் ஆகும்? வழக்குப் போடலாமா? இதற்காக நண்பரிடம் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்து ரூ.50,000 வாங்கினேன். ‘30 சதவீத வரியை முதலில் கட்டினால் பணத்தை எடுத்துத் தருகிறேன்’ என்று டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கான 30 சதவீத வரியை, கொடுக்க வேண்டிய தொகையிலிருந்து நிறுவனமே பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தர வேண்டும். முன்கூட்டி வரி கேட்கிற ஆள் உங்களிடம் மிச்சமிருப்பதையும் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். உங்கள் கணிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரெப்போ வட்டியை முடிவு செய்யும் ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவில் உள்ள ஆறு பேரில் ஐந்து பேர் அரை சதவீதக் குறைப்புக்கு வாக்களித்தார்கள், ஒருவர் கால் சதவீதம் போதும் என்றார். குழுவுக்குள்ளேயே கருத்து பிரிந்த விஷயத்தை நீங்கள் சரியாகக் கணித்திருக்கிறீர்கள். ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30, நீங்கள் எவ்வளவு படித்தீர்கள் என்று பார்ப்பதில்லை. நிச்சயமில்லாத ஒரு நிகழ்வு இப்படி நடந்தால் நீ கொடு, அப்படி நடந்தால் நான் கொடுக்கிறேன் என்பது மட்டுமே பேச்சாக இருந்தால் அது பந்தயம். பந்தய ஒப்பந்தம் செல்லாது. அதில் ஜெயித்ததை வசூலிக்க வழக்கே போட முடியாது என்று அந்தப் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. ரெப்போ வட்டி எவ்வளவு குறைந்தாலும் உங்களுக்கோ, எதிரில் ‘இல்லை’ வாங்கியவருக்கோ அந்த டிக்கெட்டைத் தாண்டி எந்த லாப நஷ்டமும் இல்லை. கோர்ட் பார்ப்பது இதைத்தான்.

‘டிரேடிங்’, ‘போர்ட்ஃபோலியோ’ என்றெல்லாம் ஆப்பில் எழுதியிருந்தது உங்களைக் குழப்பியிருக்கும். இந்தத் தளங்கள் தன் ஒழுங்குமுறைக்குள் வராது, அங்கே விற்கப்படுவது பங்குப் பத்திரம் அல்ல, முதலீட்டாளருக்கான பாதுகாப்பு எதுவும் அங்கே கிடைக்காது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஏப்ரலிலேயே எச்சரித்தது. வட்டி விகிதத்தை வைத்துச் செய்யும் எல்லாமே சட்டவிரோதம் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையில் அரசுப் பத்திரங்களின் மீதான வட்டி எதிர்கால ஒப்பந்தம் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்வது) வாங்கினால், பத்திர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 18ஏ பிரிவு அதைச் செல்லும் என்கிறது. அதே கணிப்பை அங்கே வைத்திருந்தால், லாபமோ நஷ்டமோ, கணக்கைத் தீர்த்துக் கொடுக்கும் பொறுப்பு சந்தைக்கு இருந்திருக்கும்.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2023 முதல் நடப்பில் உள்ள ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம், ஆன்லைனில் பந்தயம் கட்டுவதையே சூதாட்டம் என்கிறது. விளையாடியவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தள்ளிவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்கிறது. ஆனால் அது தண்டிப்பது நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்பவரையும்தான், விளையாடியவரை அல்ல. நீங்கள் ஆடியது ஜூனில், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, ஆகவே உங்களைத் தொடுவது மாநிலச் சட்டம்தான். எனவே பெங்களூரு முகவரியை மனுவில் மறுபடியும் எழுதாதீர்கள். பொய் முகவரியோடு கோர்ட்டுக்குப் போனால், இன்று சிறியதாக இருக்கிற சிக்கல் பெரியதாகிவிடும்.

அப்படியானால் எதுவுமே கிடைக்காதா? வாலட்டில் ஒரே தொகையாகத் தெரிவதை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். பந்தயத்தில் கூடுதலாகக் கிடைத்த ரூ.1,44,000-ஐ மறந்துவிடுங்கள். பந்தயத்தில் வைத்த ரூ.36,000-ஐ, நடுவில் வைத்திருந்தவர் எதிர்த்தரப்புக்குக் கொடுப்பதற்கு முன்பு திருப்பிக் கேட்கலாம் என்று வாதிட இடம் உண்டு. ஆனால் ஜெயித்த டிக்கெட்டில் அந்த வாதம் பலவீனமானது. ஆப் நிறுவனத்துக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் மாற்றுக் கோரிக்கையாக மட்டும் சேர்ப்பேன். அந்த ரூ.24,000-தான் நமக்கு உறுதியான பிடி. அது எந்தப் பந்தயத்திலும் வைக்கப்படவில்லை, ஜெயித்ததும் அல்ல. உங்கள் பணம் அவர்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். பிரிவு 30 அதைத் தொடாது.

அதற்குச் செய்ய வேண்டியது: இன்று இரவே வாலட் பக்கத்தைப் படம் பிடியுங்கள். இத்தகைய ஆப்புகளில் ‘டெபாசிட்’, ‘வின்னிங்ஸ்’ என்று இரண்டும் தனித்தனியாகக் காட்டுவதுண்டு. அந்த இரண்டு வரியும் ஒரே படத்தில் வர வேண்டும். ரூ.60,000 போனதற்கான யூபிஐ பரிவர்த்தனை எண்களை வங்கி அறிக்கையிலிருந்து எடுங்கள். உங்கள் பெயரில் வரி பிடித்திருக்கிறார்களா என்று வருமான வரித் தளத்தில், பிடிக்கப்பட்ட வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐப் பாருங்கள். பணத்தை எடுக்காவிட்டாலும் நிதியாண்டு முடிவில் நிகர வெற்றித் தொகைக்கு வரி பிடிக்க வேண்டும் என்பது விதி. பிடித்திருந்தால் அந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். பிறகு ஆப்பின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதில் வரவில்லை என்றால் பதிவு அலுவலக முகவரிக்கு வக்கீல் நோட்டீஸ். பண வசூல் வழக்குக்கு மூன்று வருடம்தான் கெடு, தள்ளிப்போடாதீர்கள். மாநிலச் சட்டச் சிக்கல் இருப்பதால் நோட்டீஸின் வாசகத்தை மட்டும் நேரில் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

நண்பரின் கடன்தான் என் மனதில் நிற்கிறது. ‘பந்தயமே செல்லாது, அப்புறம் அதற்காக வாங்கிய கடன் மட்டும் செல்லுமா’ என்று உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். 1959-இல் கெருலால் பாரக் வழக்கில், பந்தயம் செல்லாதது என்றாலும் சட்டவிரோதமானது அல்ல, ஆகவே அதை ஒட்டிச் செய்துகொண்ட வேறு ஒப்பந்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று ஆன்லைன் பந்தயமே குற்றம் என்பதால், நோக்கம் தெரிந்தே கொடுத்த கடன், ஆகவே அதுவும் செல்லாது என்று எதிர்வாதம் வைக்க இடம் இருக்கிறது என்பது உண்மைதான். அந்த வாதத்தை உங்களுக்காக நான் எழுதித் தர மாட்டேன். உங்களை நம்பிக் கொடுத்தவர் பந்தயம் கட்டவில்லை, நீங்கள்தான் கட்டினீர்கள். ரூ.24,000 வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே ரூ.5,000-மாவது கொடுங்கள். நோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதி, நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அது அவருக்கு மூன்று வருடக் கெடுவைப் புதுப்பிக்கும், உங்களுக்குக் கொடுத்ததற்கான சாட்சியாகவும் இருக்கும். கடைசித் தவணை கொடுக்கும் அன்று நோட்டைக் கையில் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.