டிரெய்லர் இழுக்க எந்த பிக்அப்: கூடுதலாக 11,000 டாலர் தர வேண்டுமா?

கேள்வி: டென்வர் பக்கத்தில் இருக்கிறோம். நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், மனைவி எச்-4 இ.ஏ.டி.யில் (துணைவர் விசாவோடு கிடைக்கும் வேலை அனுமதி) வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 1,70,000 டாலர். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அனுமதியாகிவிட்டது, கிரீன் கார்டு எப்போது வரும் என்று தெரியாது. இரண்டு பிள்ளைகள். போன வருஷம் பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினோம். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றினால் 4,200 பவுண்டு. எங்கள் மினிவேன் 3,500 பவுண்டுக்கு மேல் இழுக்காது என்பதால் டிரெய்லர் வாடகைக்கு எடுத்த இடத்தில் சும்மா நிற்கிறது. செவர்லே கொலராடோ பிக்அப் புதிதாக வாங்கப்போகிறோம். வரி, கட்டணம் சேர்த்து டீலர் சொல்லும் விலை: ட்ரெயில் பாஸ் மாடல் 46,000 டாலர், ஸீஆர்2 மாடல் 57,000. கையில் 24,000 இருக்கிறது; அதில் 10,000 முன்பணம். கடன் வட்டி 7 சதவீதம், 72 மாதம். ஜல்லிச் சாலைகளில் போய் முகாம் போடுவோம். வருஷத்துக்கு ஒருமுறை யூரே பக்கம் மலைப்பாதைகளுக்கும் போக ஆசை. டிரெய்லர் இழுப்பதால் பெரிய மாடலே பாதுகாப்பு என்று நினைக்கிறேன். தவணையைச் சமாளிக்க 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போடும் பங்களிப்பைக் குறைக்கலாமா? எல்.எல்.சி. என்ற சொந்தக் கம்பெனி ஆரம்பித்து வண்டியை அதில் காட்டினால் வரி மிச்சம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: ட்ரெயில் பாஸ் வாங்குங்கள். விலைக் கணக்கைப் பிறகு பார்ப்போம். விலை உயர்ந்த மாடல் என்றால் டிரெய்லரை இன்னும் பாதுகாப்பாக இழுக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு மாடலிலும் இன்ஜின் ஒன்றுதான்: 2.7 லிட்டர் டர்போ, 310 குதிரைத்திறன். ஆனால் கம்பெனி அனுமதிக்கும் இழுவை ட்ரெயில் பாஸுக்கு 7,700 பவுண்டு வரை, ஸீஆர்2வுக்கு 6,000 பவுண்டுதான். 11,000 டாலர் கூடக் கொடுத்து 1,700 பவுண்டு குறைவாக வாங்குகிறீர்கள். பாறை மேல் ஏறி இறங்க வசதியாக ஸீஆர்2வின் சஸ்பென்ஷனை மென்மையாக, நீண்டு சுருங்கும்படி அமைத்திருக்கிறார்கள். பின்னால் டிரெய்லர் அழுத்தும்போது அந்த மென்மையே பலவீனமாகிவிடும். உயர்த்திய உடல், 33 அங்குலச் சேற்று டயர், அடிப்பக்க இரும்புத் தகடுகள் எல்லாம் எடை. அந்த எடையை வண்டி தன் சுமக்கும் திறனிலிருந்துதான் கழித்துக்கொள்கிறது.

இது செவர்லேக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. ஃபோர்டு எஃப்-150-ல் சரியான இழுவைப் பேக்கேஜ் போட்ட மாடல்கள் 13,000 பவுண்டைத் தாண்டும்போது, எல்லாரும் ஏங்கிப் பார்க்கும் ராப்டர் 8,200-ல் நின்றுவிடும். டொயோட்டா டகோமாவிலும் டி.ஆர்.டி. ப்ரோவைவிட அதற்குக் கீழுள்ள டி.ஆர்.டி. ஆஃப்-ரோடுதான் சற்று அதிகம் இழுக்கும்.

'என் டிரெய்லர் 4,200 பவுண்டுதானே, 6,000 போதாதா?' என்று கேட்பீர்கள். இழுவை போதும். இடிப்பது சுமை, அதாவது வண்டி தன் மேல் தாங்கும் எடை. டிரெய்லரின் மூக்கு, வண்டியின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச்சின் மேல் உட்காரும் எடை, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் பாம்பாக ஆடும். 12 சதவீதம் என்று வைத்தால் 504 பவுண்டு. எடையைப் பகிரும் ஹிட்ச் கிட்டத்தட்ட 80. நான்கு பேருக்கும் சேர்த்து 470 என்று வைக்கிறேன். ஐஸ் பெட்டி, சைக்கிள், விறகு, இட்லிப் பானை முதற்கொண்டு நம்மவர்கள் ஏற்றும் சாமான் 150. கூட்டினால் 1,204 பவுண்டு. ஸீஆர்2 சுமப்பது பொதுவாக 1,100 பவுண்டை ஒட்டித்தான். இழுவைக் கணக்கில் ஏகப்பட்ட இடம் மிச்சமிருக்க, சுமைக் கணக்கில் வீட்டு வாசலிலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள்.

அதனால் டீலரிடம் போனதும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். விளம்பரத்தில் வரும் எண் அந்த மாடலின் உச்சம். ஸ்டிக்கரில் இருப்பது அந்த ஒரு வண்டிக்கானது. ட்ரெயில் பாஸாகவே இருந்தாலும் ஸ்டிக்கர் 1,204-க்குக் கீழே இருந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பின்பக்கச் சாமான் தொட்டிக்கு மூடி, கூரை ரேக், பக்கவாட்டுப் படி என்று டீலர் மாட்டித் தரும் ஒவ்வொன்றும் அந்த எண்ணிலிருந்து கழியும்.

சரி, கரடுமுரடான சாலை? டிரெய்லரோடு நீங்கள் போவது காட்டிலாகாவின் ஜல்லிச் சாலை, வாஷ்போர்டு மாதிரி மடிப்பு விழுந்த மண் சாலை. அதற்கு ட்ரெயில் பாஸின் 9.5 அங்குலத் தரை இடைவெளி தாராளம், ஸீஆர்2வின் 10.7 அங்குலம் அங்கே எதையும் கூட்டித் தராது. யூரேயிலிருந்து டெல்யுரைடுக்குப் போகும் இமோஜீன் பாஸ் 13,114 அடி உயரம். அங்கே டிரெய்லரை யாரும் இழுத்துப் போவதில்லை. முகாமில் விட்டுவிட்டு வெறும் வண்டியோடுதான் ஏறுவார்கள். வருஷத்துக்கு ஒருநாள் அந்த ஏற்றத்துக்காகத்தான் ஸீஆர்2 என்றால், யூரேயில் ஜீப் வாடகைக்குக் கிடைக்கிறது. சில நூறு டாலரில் முடியும், கீறலும் உங்கள் வண்டியில் விழாது. வாராவாரம் பாறைப் பாதையில், டிரெய்லர் இல்லாமல் போகிறவருக்கு ஸீஆர்2 நல்ல வண்டி, முன்னும் பின்னும் லாக் ஆகும் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் வசதி) உட்பட. நீங்கள் எழுதியிருப்பது வேறு வாழ்க்கை.

குளிர்காலத்தில் ஐ-70 நெடுஞ்சாலைப் பயணத்துக்கு மாடலைவிட டயர்தான் முக்கியம். செப்டம்பர் 1 முதல் மே 31 வரை மாரிசனுக்கும் டாட்செரோவுக்கும் இடையே அமலில் இருக்கும் சட்டம், நாலு சக்கர இழுவை வண்டியானாலும் டயரில் போதிய பள்ளம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

இனி பணம். ஸீஆர்2: 47,000 கடன், 72 மாதம், 7 சதவீதம் என்றால் மாதம் 801 டாலர்; வட்டி மட்டும் 10,700-ஐ நெருங்கும். ட்ரெயில் பாஸ்: 36,000 கடன். இதை 60 மாதத்துக்கு எடுத்தால் தவணை 713. ஆனால் நீங்கள் மாதம் 862 கட்டுங்கள். 48 மாதத்தில் முடிந்துவிடும், வட்டி சுமார் 5,400. ஸீஆர்2வுக்குக் கட்டத் தயாராக இருந்ததைவிட மாதம் 61 டாலர்தான் கூடுதல், இரண்டு வருஷம் முன்னாலேயே கடன் தீர்கிறது. மொத்தத்தில் விலை வித்தியாசமான 11,000, கடன் வழியாகப் போகும்போது 16,300 ஆகிறது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டீலரிடம் போகும் முன் ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களின் கூட்டுறவு வங்கி) வட்டி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

48 மாதக் கடனே எடுக்காமல் 60 மாதம் எடுத்துக் கூடுதலாகக் கட்டச் சொல்வது உங்கள் விசா காரணமாக. வேலை போனால் எச்-1பிக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஐ-140 இருந்தாலும் அந்த 60 நாள் நீளாது. அப்படி ஒரு மாதம் வந்தால் தவணையை 713-க்கு இறக்கிக்கொள்ளலாம். நிலைமை முற்றினால் வண்டியை விற்க வேண்டியிருக்கும். வரி, கட்டணம் போக வண்டியின் விலை முதல் வருஷத்தில் 20 சதவீதம் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் கழித்து ஸீஆர்2 சுமார் 41,600-க்குப் போகும், கடன் பாக்கி 40,500. அவசர விற்பனையில் டீலர் விலையைக் கொஞ்சம் அமுக்கினாலே கையிலிருந்து போட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். ட்ரெயில் பாஸில் பாக்கி 27,900, விலை 33,000-ஐ ஒட்டி. ஐயாயிரம் கையில் மிஞ்சும். ஊருக்குத் திரும்பும் டிக்கெட் எடுக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

முன்பணம் போக மிஞ்சும் 14,000-ஐ எதற்கும் தொடாதீர்கள். வீட்டு வாடகையோ தவணையோ கட்டிப் பிள்ளைகளை வளர்க்கும் டென்வர் குடும்பத்துக்கு அது சில மாதச் செலவுதான். டிரெய்லரின் பிரேக்கை வண்டிக்குள்ளிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலருக்கும் நல்ல ஹிட்ச்சுக்கும் ஆகும் செலவை வரும் சம்பளத்திலிருந்து பாருங்கள். டிரெய்லரை இழுக்கும் முதல் நாளே இரண்டும் வேண்டும்.

401(கே)? கம்பெனி ஈடாகப் போடும் தொகை முழுதாகக் கிடைக்கும் அளவுக்குக் கீழே ஒரு டாலர்கூடக் குறைக்காதீர்கள். 713 டாலர் தவணைக்கு அந்தத் தேவையும் இல்லை.

வரியில் உங்களுக்கு நேர்வழியாகவே ஒரு சலுகை இருக்கிறது. 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் இறுதியாகப் பூட்டப்பட்ட புதிய வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு வாங்கினால் கடன் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமானத்தில் கழிக்கலாம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற பொதுக் கழிவை எடுப்பவர்களுக்கும் உண்டு. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் வருமானம் 2,00,000-ஐத் தாண்டிய பிறகுதான் சலுகை குறையத் தொடங்கும். நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். கொலராடோ பிக்அப் மிசூரியின் வென்ட்ஸ்வில் ஆலையில் பூட்டப்படுகிறது, ஆகவே தகுதி உண்டு. மெக்சிகோவில் பூட்டப்படும் டகோமாவுக்கு இல்லை. முதல் 12 மாதத்தில் நீங்கள் கட்டும் வட்டி சுமார் 2,265. 22 சதவீத வரி அடுக்கில் ஐந்நூறு டாலர் மிச்சம். வண்டியைத் தேர்ந்தெடுக்க இது காரணமாகாது, கிடைப்பதை விடவும் வேண்டாம். வண்டியின் அடையாள எண்ணை (வி.ஐ.என்.) வரிப் படிவத்தில் எழுத வேண்டும்.

நண்பரின் எல்.எல்.சி. யோசனைக்கு வருகிறேன். அவர் சொல்லும் பெரிய கழிவுக்கு வண்டி பாதிக்கு மேல் தொழிலுக்காக ஓட வேண்டும். முகாம் பயணம் அதில் சேராது. அதைவிட, எச்-1பியில் இருக்கும் நீங்கள் விசா எடுத்துத் தந்த கம்பெனிக்கு மட்டுமே வேலை செய்யலாம். 'சொந்தத் தொழிலுக்காக இத்தனை மைல் ஓட்டினேன்' என்று வரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளை கிரீன் கார்டு மனுவோடு அந்தப் படிவமும் அதிகாரியின் மேஜைக்குப் போகலாம். நண்பருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.